வால்பாறையிலிருந்து இரண்டாவது கியரில்

ஞாயிறு காலை ஐந்தரைக்குத் திருப்பூரிலிருந்து கிளம்பினோம். வேன் என்னுடையது, பனியன் கம்பெனிக்குப் பெட்டி ஏற்றுகிற பழைய வேன். கூட வந்தவர்கள் எங்கள் கம்பெனி அயர்ன் மாஸ்டர் அந்தோணியும் அவர் மனைவி ஜெயராணியும். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். ஜெயராணிக்கு மலைப்பாதை என்றாலே நடுக்கம். "நீங்க ஓட்டுனா மட்டும் வாரேன்க்கா" என்று சொல்லித்தான் ஏறினாள். பதினோரு வருடமாகத் திருப்பூர் நெரிசலில் ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவள் நான். "பத்திரமா ஊட்டுல கொண்டாந்து உடறேன், நம்பி வாங்க கண்ணு" என்று வாக்குக் கொடுத்தேன்.

பொள்ளாச்சி ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். அங்கிருந்து வால்பாறை அறுபத்து நான்கு. ஆழியாறு தாண்டியதும் கீழிருந்து எண் போட்ட நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். வேன் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறியது. பத்தரைக்கு வால்பாறையில் டீ குடித்தோம், பதினைந்து ரூபாய்.

மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கினோம். இறக்கம்தானே, பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கிலேயே காலை ஊன்றிக்கொண்டேன். எங்கள் ஊர் மேம்பாலத்தில் தினமும் செய்வதுதான்.

இருபத்தேழாவது வளைவில், "அக்கா, கருகுத வாடை வருது" என்றார் அந்தோணி. "அயர்ன் பாக்ஸ் சூடு மிஞ்சுனா இப்படித்தான் வரும்."

"ஆரோ குப்பைய எரிக்கறாங்க போலிருக்குதுங்க" என்றேன்.

அடுத்த வளைவுக்கு மிதித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போனது. வண்டி நிற்கவில்லை. பயந்துதான் போனேன். மூன்றாவது கியரைப் போட்டேன், உடனே இரண்டாவது. என்ஜின் அலறியது, வேகம் குறைந்தது. வளைவு கடந்ததும் ஓரத்தில் அகலமான இடம் இருந்தது. முதல் கியருக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். முன் சக்கரத்தில் புகை. தண்ணீர் பாட்டிலோடு இறங்கினேன்.

"ஊத்தாதிய அக்கா" என்று அந்தோணி குறுக்கே வந்தார். "கொதிக்கிற இரும்புல தண்ணி பட்டா வெடிச்சுப் போவும். தானா ஆறட்டும்."

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

"தப்பு என்னுதுங்க" என்றேன் ஜெயராணியிடம். "கியர்ல புடிச்சிருக்கோணும். கால்லயே புடிச்சுப் பிரேக்கைக் காய வெச்சுட்டேன். பஸ்ஸுல போறதுன்னா ஏத்தி உடறேன்."

அவள் சக்கரத்தைப் பார்த்தாள். "இனி எப்படி இறக்குவிய?"

"ஏறுன அதே ரெண்டாவதுலதாங்க."

"அப்ப வாரேன்" என்று முன் சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

பெடலை மிதித்துப் பார்த்தேன். பழையபடி கெட்டியாக இருந்தது. அதன்பின் வண்டியை என்ஜினே பிடித்துக்கொண்டது. வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கைத் தொட்டு எடுத்தேன். ஒன்பதாவது வளைவில் வரையாடுகள் நின்றன. ஜெயராணி அவற்றைப் பார்க்கவில்லை. கியர் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழரைக்குத் திருப்பூர். பத்தடிக்கு ஒரு பிரேக், குறுக்கே பைக்குகள். இங்கே காலுக்குத்தான் வேலை, அதில் நான் கெட்டிக்காரி. மேம்பாலம் ஏறி இறங்கும்போது பழக்கத்தில் கை நியூட்ரலுக்குப் போனது.

"அக்கா, ரெண்டு" என்றாள் ஜெயராணி.

இரண்டாவதில் போட்டேன். பின்னால் வந்த பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. அடிக்கட்டும் என்று மெதுவாகவே இறங்கி, அவர்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.