மேற்குப் பக்கத்துத் தார்ப்பாய்

2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை. வைகாசி ஆறு. மழை விட்டிருந்தது, ஆனால் வானம் மூடாக்காகவே இருந்தது. எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து இட்லி ஊற்றினேன். கொத்தமல்லிச் சட்னி. வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு உழவுக்கு டிராக்டர் சொல்லிவைக்கப் போனார். ஈரம் காய்வதற்குள் உழுது, இந்த வாரமே சின்ன வெங்காயம் ஊன்றிவிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். ஊன்ற வேண்டிய விதை வெங்காயம் வீட்டுக்கு மேற்கே பட்டறையில் இருந்தது. அன்று காலை வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டறை என்பது எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்தில் வெங்காயம் சேர்த்துவைக்கும் இடம். கல் அடுக்கி, மேலே கழி பரப்பி, இரு பக்கமும் குச்சித் தட்டி கட்டி, பனையோலை வேய்ந்திருக்கும். அகலம் குறைவு, நீளம் அதிகம். இந்தத் தட்டியில் நுழைந்த காற்று அந்தத் தட்டியில் வெளியேறினால் போதும், வெங்காயம் மாதக்கணக்கில் கெடாது. விற்பதற்கானதையும் விதைக்கானதையும் ஒரே பட்டறையில்தான் கொட்டுவோம். தை மாதம் பிடுங்கியது முழுவதும் அதில் இருந்தது.

பட்டறைக்கு மேற்கே கொழுந்தனார் வீடு. அவர் மனைவி, என் ஓரகத்தி, எனக்கு இளையவள். சென்ற வருடம் அவர்கள் வெங்காயத்தை வைகாசி வரை விற்காமல் வைத்திருந்தார்கள். நாங்கள் மாசியிலேயே விற்றோம். எங்களுக்கு உரக்கடைப் பாக்கி தீர்ந்தது. அவர்கள் வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. கொஞ்ச நாளில் துணி துவைக்கும் மெஷினும் வந்தது.

கார் வந்த வாரம் எங்களையும் ஏற்றிக்கொண்டு, அரியலூர் தாண்டிக் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போனார்கள். கார்க் கதவைத் திறந்துவிட்ட ஓரகத்தி, "செருப்பத் தட்டிட்டு ஏறுங்கக்கா, கீழ புது மிதியடி போட்டுருக்கு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். தட்டிவிட்டு ஏறினேன். சீட்டில் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காமல் இருந்தது. சன்னதியில் நின்று கண்ணை மூடினேன். பெருமாள் வரவில்லை, அந்த மிதியடி வந்தது.

அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் கார்தான் கண்ணில் பட்டது. பெரம்பலூரில் பஸ் இறங்குமிடத்துக்கு எதிரே ஒரு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். ஒரு குடும்பம் காரின் மேல் சாய்ந்து சிரிக்கும். கீழே, 'பக்கத்து வீட்டில் வந்துவிட்டது. உங்கள் வீட்டில்?' என்று எழுதியிருக்கும். பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அதைப் படித்தேன். ஒரு முறை படித்தால் போதாதா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மாசியிலும் வியாபாரி வந்தார். தட்டிக்குள் கைவிட்டு நாலைந்து காயை எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கட்டுப்படியாகிற விலைதான் சொன்னார். வீட்டுக்காரருக்கு விற்றுவிட ஆசை.

"வைகாசி வரைக்கும் கெடக்கட்டும்" என்றேன்.

"கெடக்கும். நல்லாயிருக்குமா?"

"போன வருசம் அவங்களுது மட்டும் நல்லா இருந்துச்சுல்ல?"

அவர் வியாபாரியைப் பார்த்துக் கையை விரித்தார். வியாபாரி, "அண்ணி சொன்னா சரிங்க" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சித்திரைக் கடைசியில் அந்த நீலத் தார்ப்பாயை வாங்கி வந்தேன். கூரையில் ஓலை இருந்தது, மழைக்கு அதுவே போதும். நான் மழைக்காக வாங்கவில்லை. ஓரகத்தி தன் சமையலறை ஜன்னலில் நின்றால் எங்கள் பட்டறை முழுவதும் தெரியும். எவ்வளவு மீதி இருக்கிறது, என்ன விலைக்குப் போகும் என்று அவள் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்ப்பாள் என்று எனக்குத் தோன்றியது. கண் பட்டுவிடும் என்றும் தோன்றியது. அவள் காரை நான் எந்தக் கண்ணால் பார்த்தேனோ, அதே கண் அவளுக்கும் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். மேற்குத் தட்டி முழுவதும் மறையும்படி தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன்.

வீட்டுக்காரர் நின்று பார்த்தார். "மேக்கால மட்டும் எதுக்குக் கட்டுற?"

"சாரல் அடிக்குதுங்க."

"சரிதான். அவங்க காருக்கு ஒறை போட்டுருக்காங்க, நீ வெங்காயத்துக்குப் போட்டுட்ட."

சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்தேன். இந்த மாதங்களில் எங்களுக்குக் காற்று வருவது மேற்கிலிருந்துதான். பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். கயிறு முடியும்போது நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. கொஞ்ச நாள்தானே என்று முடிந்தேன்.

பிறகு மழை பிடித்தது. இரண்டு நாளாக ஒரு நாற்றம். ஓரகத்தி வீட்டு மெஷின் தண்ணீர் சந்தில் தேங்கி நாறுகிறது என்று எனக்குள்ளேயே அவளைத் திட்டினேன். ஞாயிறு காலை வீட்டுக்காரர் கிளம்பிய பிறகு, அதைக் கேட்டுவிடுவது என்றே சந்துக்குள் போனேன். சந்தில் மெஷின் தண்ணீர் எதுவும் தேங்கியிருக்கவில்லை. பட்டறைக் கல்லுக்கு அடியிலிருந்துதான் பழுப்பு நீர் கசிந்து ஓடியிருந்தது. அதன்மேல் ஈ.

தார்ப்பாயை அவிழ்த்ததும் உள்ளிருந்து சோறு வடிக்கும் பானையைப் போல ஆவி அடித்தது. தட்டிக்குள் கையை விட்டேன். கை முழங்கை வரை கூழில் இறங்கியது.

வீட்டுக்காரர் வந்து பார்த்தபோது நான் தட்டியைப் பிரித்து வாரிக்கொண்டிருந்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "டிராக்டரு நாளைக்கு வரேன்னுட்டான்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து அவரும் வார ஆரம்பித்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் அழுதிருப்பேன்.

மதியம் சமைக்கவில்லை. அழுகியதைக் கூடை கூடையாகக் குப்பைக்குழியில் கொட்டினோம். கிழக்குத் தட்டியை ஒட்டிக் கிடந்தது மட்டும் கொஞ்சம் உருவத்தோடு இருந்தது. அதைத் தனியே எடுத்து, மாட்டுக்கொட்டகையின் காய்ந்த பக்கத்தில் சாக்கு விரித்துப் பரப்பினோம். வெங்காயம் பார்வைக்குத் தப்பியதுபோலவே இருக்கும், ஒரு ராத்திரி போனால்தான் உண்மை தெரியும். வெளியில் விதை வாங்க எங்களிடம் பணமில்லை. அந்தப் பணமும் பட்டறைக்குள்தான் இருந்தது. விதை இல்லாவிட்டால் உழுத காடு சும்மா கிடக்கும்.

வாரும்போது யார் மேல் பழி போடலாம் என்று மனம் தேடிக்கொண்டே இருந்தது. மழை, வியாபாரி, கார்க் கம்பெனி. அந்த ஃப்ளெக்ஸை வைத்தவனை நெடுநேரம் பிடித்துவைத்துத் திட்டினேன். அவன் என்னைப் போன்றவர்களுக்காகத்தான் எழுதி வைத்திருக்கிறான், அது நிச்சயம். ஆனால் அவன் எங்கள் ஊருக்கு வந்து தார்ப்பாய் கட்டவில்லை.

ஒரே ஒரு யோசனை மிச்சம் இருந்தது. ஓரகத்தியிடம் விதை கேட்பது. அவர்கள் பட்டறை வீட்டுக்குப் பின்னால், எங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மாசியில் வியாபாரி வண்டி அங்கே நின்றது, விற்பதற்கானதை மட்டும் விற்றிருப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். யார் காரில் செருப்பைத் தட்டிவிட்டு ஏறினேனோ, அவளிடமே முந்தானையை ஏந்த வேண்டும். குளித்துவிட்டுச் சாயங்காலம் போகலாம் என்று மனத்தைத் திடப்படுத்தினேன். நான் கிளம்புவதற்குள் அவளே வந்துவிட்டாள். மூக்கை முந்தானையால் பொத்தியிருந்தாள்.

"ரெண்டு நாளா எலி செத்த வாடன்னு வூடு பூரா தேடுனேங்க்கா. இதானா?"

"இதான்."

அவள் பரப்பியிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். "விதைக்கு?"

"அதுக்குத்தான் ஒன்னைப் பாக்கக் கெளம்புனேன். ஒங்க பட்டறையில..."

"எங்களுது ஏதுக்கா? மாசியிலயே வித்தாச்சு. காருக்கு மாசாமாசம் கட்டணுமே. விதைக்கு வச்சதும் அதுலயே போயிடுச்சு." சாக்கு ஓரமாகக் குந்தினாள். "ஒங்ககிட்டக் கேக்கலாம்னுதான் இருந்தேன். தார்ப்பா போட்டு மூடி வச்சிருக்கியளே, நெறையக் கெடக்கு போலருக்கு, நமக்கும் கொஞ்சம் குடுப்பாங்கன்னு அவருகிட்ட தெனம் சொல்லிக்கிட்டுக் கெடந்தேன்."

கொட்டகைத் தூணில் சாய்ந்திருந்த வீட்டுக்காரர், "தேறுனா பாதி எடுத்துக்கம்மா" என்றார்.

பாதி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. முழங்கை வரை நாறிய அந்த நேரத்திலும் சுருக்கென்றது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவள் போன பிறகு தார்ப்பாயைக் கழுவி மடித்து வைத்தேன். இரவு அரிசிக் கஞ்சி. யாரும் ஊறுகாய்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் எழுந்ததும் வாசல் தெளிக்கவில்லை. நேரே கொட்டகைக்குப் போய்ச் சாக்கின் முன் குந்தினேன். மேற்கு வீட்டில் இன்னும் விளக்குப் போடவில்லை. ஓரத்தில் கிடந்த வெங்காயத்தை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினேன். உள்ளே போனது. அடுத்ததும் போனது. மூன்றாவது கெட்டியாக இருந்தது. அதை எந்தப் பாதியில் வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.