இறக்கத்தில் காட்டிய கார்

பழைய கார் தரகனுக்குப் பொய் சொல்லத் தெரியவேண்டியதில்லை. எந்தப் பக்கமாக ஓட்டிக் காட்டுவது என்று தெரிந்தால் போதும். மலைநாட்டில், ஹட்டனில் எனக்கு இதுதான் பிழைப்பு. பழைய கார் வாங்கி மலையேறித் தவித்தவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே படிக்கலாம்.

கினிகத்தேனை வரைக்கும்

வட்டகொடைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் செல்வகுமார் மாஸ்டர் கார் தேடி வந்தார். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து அவர் மனைவி கலாவுக்கு ஏழு மாதம். தோட்டத்துப் பாதையில் ஆட்டோ குலுக்கியதில் ஒருமுறை இரத்தம் பட்டு, இனி குலுங்கவே கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அப்படியிருந்தும் மாஸ்டர் முதலில் கேட்டது, லீட்டருக்கு எவ்வளவு ஓடும் என்றுதான்.

வழக்கப்படி சின்னக் கார் ஒன்றைக் கொடுத்து, கினிகத்தேனைக்கு ஓட்டச் சொன்னேன். முழுக்க இறக்கம். மீட்டர் லீட்டருக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் காட்டியது; மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். திரும்பி ஹட்டனுக்கு ஏறும்போது அது பதின்மூன்றுக்கு இறங்கிவிட்டது. நான் ஜன்னல் வழியே தேயிலையை ரசிக்க ஆரம்பித்தேன். மாஸ்டர் கோபப்படவில்லை.

"அண்ணே, என் வீடு மேலதாண்ணே இருக்கு."

ஒரு செம்புத் தண்ணீர்

அடுத்த வாரம் அதே சின்னக் காரையும், பெட்ரோல் குடிக்கும் பழைய பெரிய கார் ஒன்றையும் அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். கலா ஏறிப் பார்க்கவில்லை. செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு என் கையில் கொடுத்து, பின்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். மாஸ்டர் தோட்டத்துப் பாதையில் ஓட்டினார். சின்னக் காரில் போய் வந்தபோது பாதிச் செம்பு என் காற்சட்டையில் இருந்தது. அந்தக் குளிரில் பல் தந்தியடித்தது. செம்பை மறுபடி நிரப்பிப் பெரிய காரில் போனோம். நாலு சொட்டுத்தான் சிந்தியது. பெட்ரோல் செலவை நினைத்து மாஸ்டர் பெருமூச்சு விட்டார்.

கலா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏங்க, அண்ணன் நனையாத காரையே எடுங்க."

சாவி

பெரிய காரின் பெட்ரோல் தாகத்துக்கு மாஸ்டர் ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தார். இறக்கம் வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, நியூட்ரலில் உருட்டுவார். இது எனக்குத் தெரியாது. மாதம் நிறைந்த ஒரு நாள், விடியற்காலையிலிருந்தே கலாவுக்கு வலி என்று துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். ஹட்டன் தாண்டியதும் பழக்க தோஷத்தில் கை சாவிக்குப் போயிற்று. எஞ்சின் நின்றதும் ஸ்டியரிங் இறுகியது, இரண்டு மிதியில் பிரேக் கல்லானது, முன்னால் ஒரு பஸ். சாவியைத் திருப்பச் சொல்லிக் கத்தினேன். எஞ்சின் பிடித்தது, பஸ்ஸுக்கு ஒரு முழம் இருக்கும்போது கார் நின்றது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பின்சீட்டிலிருந்து கலாவின் குரல் மட்டும் ஆடவில்லை: "இறங்குங்க. அண்ணன் ஓட்டட்டும்."

கியரிலேயே இறக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். ஒரு மணி நேரத்தில் பெண் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையுமில்லை என்று நர்ஸ் சொன்னதும், தரகன் நான் வெட்கமில்லாமல் அழுதேன். அப்புறம்தான் வாசலில் கார் இன்னும் உறுமிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. அவசரத்தில் எஞ்சினை நிறுத்தவே மறந்திருக்கிறேன். பதறி எழுந்த என் கையை மாஸ்டர் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்ணே, ஓடட்டும்."

எது நல்ல கார் என்று இப்போது யார் கேட்டாலும், போய்ச் சேர்ந்த கார்தான் என்று சொல்லிவிட்டுத் தரகுக்குக் கையை நீட்டுகிறேன்.