நர்ஸ் என்றால் ஊட்டுகிறவள்

"கரண்டி சிஸ்டர் வந்தாச்சா?" என்று எலும்பு வார்டில் ஒரு கிழவர் போட்ட சத்தத்தில்தான் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டேன். பக்கத்துக் கட்டிலில் இடுப்பு ஒடிந்து கிடந்த என் அண்ணனுக்குத் துணையாக இருந்தேன். வந்தவளைப் பார்த்தால், என் நாத்தனாரின் ஓரகத்தி மகள்! பல் விழுந்த வயதில் பார்த்தவள். தாடை மச்சம் காட்டிக்கொடுத்துவிட்டது.

சத்தம் போட்டவர் ஓய்வு பெற்ற லத்தீன் வாத்தியார். ஏணியிலிருந்து விழுந்து இரண்டு கையிலும் மாவுக்கட்டு.

அந்த வார்டு லட்சணத்தைக் கேளுங்கள். சாப்பாட்டு வண்டிக்காரர் தட்டைக் கால்மாட்டு மேஜையில் வைப்பார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, தொடாத தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போவார். கை எட்டியதா, வாய்க்குப் போனதா, எவருக்குக் கவலை? ஊட்டிவிட்ட ஆயாக்களையும் ஆட்குறைப்பு என்று வீட்டுக்கு அனுப்பியாயிற்று. துணையில்லாதவர் பட்டினிதான். இவள்தான் ஊசி மருந்து முடிந்ததும் கரண்டியோடு கட்டில் கட்டிலாகப் போவாள்.

ஒரு மத்தியானம் வாத்தியாருக்குக் கஞ்சி ஊட்டும்போது நர்ஸுகளுக்கெல்லாம் மேலான பெரிய மேடம் வந்துவிட்டார்.

"இதெல்லாம் நர்ஸ் செய்யற வேலையா? ஏற்கெனவே ரெண்டு தடவை சொல்லியாச்சு."

"கை ரெண்டும் கட்டுல இருக்கு மேடம். தட்டு திரும்பிப் போயிடும்."

"போனா போகட்டும். நீ கீழ வை."

அவள் வைக்கவில்லை. வாத்தியார் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, "மேடம், நர்ஸுங்கற வார்த்தைக்கு லத்தீன்ல வேர் 'நூட்ரிரே'. பால் குடுக்கறது, ஊட்டி வளக்கறதுன்னு அர்த்தம். முதல்ல பிள்ளைக்குப் பால் குடுத்தவதான் நர்ஸ். நோயாளியைப் பாத்துக்கறதெல்லாம் பின்னால வந்தது. நியூட்ரிஷன், செடி வளக்கற நர்சரி, எல்லாம் இதே குடும்பம்தான்" என்றார்.

"நம்ம செவிலித்தாய் மாதிரியா வாத்தியாரே?" என்றேன்.

"அதே கதைதான்மா. செவிலித்தாயிலேருந்துதானே நமக்குச் செவிலியர் வந்தாங்க?"

மேடம் சிரித்தார். "சார், இது ஆஸ்பத்திரி. உங்க கிளாஸ் இல்ல."

சாயங்காலமே அவளுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. திருடினாளா, தூங்கினாளா? பசித்த வாயில் கஞ்சி வைத்ததற்கா தண்டனை?

"நான் போய் நாலு வார்த்தை கேக்கறேன்டி" என்றேன்.

"வேணாம் அத்தை. வாத்தியாருக்கு ராத்திரி சாப்பாடு யார் குடுப்பா? அதைச் சொல்லுங்க."

அன்று ராத்திரி நான் ஊட்டினேன். வாத்தியார் பாதியிலேயே தலையைத் திருப்பிக்கொண்டார்.

"கோபத்தை மனசுல வச்சு வளக்கறதுக்கும் இங்கிலீஷ்ல நர்ஸ்னுதான் சொல்லுவாங்கம்மா" என்றார்.

"அப்போ நானும் நர்ஸ்தான்" என்றேன். இன்றுவரை அதில் குறை வைக்கவில்லை.

அவள் இப்போது அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஆபரேஷன் கத்தரிக்கோலும் இடுக்கியும் ஆவியில் சுத்தம் செய்கிற அறையில் இருக்கிறாள். அங்கே நோயாளிகள் கிடையாது.