அண்ணி கேட்ட இருமல்கள்

என் அண்ணி மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறார். இருமல் சத்தத்தைக் கேட்டே காசநோய் இருக்கலாமா என்று சொல்லக் கணினியைப் பழக்கியவர் அவர்தான். நோயாளிகளின் இருமலையும் நோயில்லாதவர்களின் இருமலையும் மாதக்கணக்கில் பதிவு செய்து கொடுத்தார். வித்தியாசத்தை அது தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது. சோதனையில் ஒன்றுகூடத் தவறவில்லை. அடுத்த வாரம் அந்த நிரல் சுகாதாரப் பணியாளர்களின் கைப்பேசிகளுக்குப் போவதாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சமையலறையில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தான். அண்ணி கைப்பேசியை அவன் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"கொஞ்சம் இருமுங்க."

"சும்மா எப்படி வரும்? உன் சாம்பாரை ஊத்து, தானா வரும்."

"ஒரு வாரமா சமைக்கிறதே நீங்கதான்."

இருமினான். திரை சிவந்தது. காசநோய்!

"ஐயையோ!" என்று ஓடி வந்த அம்மாவும் இருமிப் பார்த்தார். சிவப்பு. அப்பாவுக்கும் சிவப்பு.

"குடும்பமே காலியா?" என்றார் அப்பா.

கூடத்தில் நான் இருமியபோது மட்டும் பச்சை.

"இவ ஒருத்தி தப்பிச்சா" என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தோம், அண்ணியைத் தவிர. அவர் அடுப்புக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தினார்.

"அத்தை, இன்னொரு தடவை இருமுங்க."

பச்சை.

அண்ணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நோயாளிகளை அவர் பதிவு செய்தது தனி வார்டில். அங்கே காற்றை வெளியேற்றும் விசிறி நிற்பதே இல்லை. மற்றவர்களைப் பதிவு செய்ததோ கதவு சாத்திய அலுவலக அறையில். கணினி கற்றுக்கொண்டது இருமலை அல்ல, விசிறியை.

"யாருக்குத் தெரியப்போகுது? இப்போ குடுத்துட்டு அப்புறம் சரி பண்ணிக்கோயேன்" என்றான் அண்ணன்.

"அமைதியான வீட்டுல இருக்கிற நோயாளிகிட்ட உனக்கு ஒண்ணுமில்லன்னு இது சொல்லிடும். அவர் மருந்து சாப்பிடாம வீட்டுல எல்லாருக்கும் நோயைத் தொத்த வைப்பாரு."

மறுநாள் கூட்டத்தில் அண்ணியே எழுந்து, இதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒரே இடங்களில் பதிவு செய்தார்: விசிறி ஓடும் அறை, ஓடாத அறை, மரத்தடி. புதியது முன்னதைப் போல அசத்தவில்லை. பத்தில் இரண்டு தவறின.

"பழசே நல்லா இருந்துச்சேம்மா" என்றார் தலைமை மருத்துவர்.

"அது நம்ம ஃபேனைத்தான் நல்லா கண்டுபிடிச்சுது சார்."

புதியதுதான் வெளியே போனது. சில வாரங்களில், சத்தமில்லாத ஒரு வீட்டில் தையல்காரப் பெண் ஒருவரின் இருமலுக்கு அது சிவப்புக் காட்டியது. சளிப் பரிசோதனையும் நோயை உறுதி செய்தது. உடனே மருந்து தொடங்கினார்கள்.

அன்று மாலை அண்ணி அதே பதிவைப் பழைய நிரலுக்குக் கொடுத்துப் பார்த்தார். பச்சை.

"பாத்தியா? அந்த அக்காவுக்கு ஒண்ணுமில்லன்னு இது சொல்லியிருக்கும்" என்றார் என்னிடம்.

அண்ணி என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் அந்தத் தையல்காரப் பெண்ணைப் பற்றித்தான் சொல்கிறேன்.