ஒரே இழுப்பில் கழலும் கோட்டு

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கு ஊசியக்கா, வாத்தியார்களுக்கு டைலரம்மா. இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பாள். அவள் அப்பா தியேட்டர்களுக்குத் திரை தைத்தவர், அம்மாவைப் பெற்றவர் குடை தைத்தவர், பெரியப்பா மெத்தை தைத்தவர். ஊசியைக் கண்டு ஓடிய ஆள் அந்த வம்சத்திலேயே சித்தப்பா ஒருத்தர்தான். அவரும் கடைசியில் செருப்புத் தைக்கிறவர் மகளைக் கட்டிக்கொண்டு ஊசியிடமே மாட்டிக்கொண்டார்.

மேடைக்குக் கீழே, படிக்கட்டு மடங்குகிற இடத்தில் அவளுடைய தையல் அறை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். மேலே பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஒத்திகை பார்த்தால் தூசி தலையில் கொட்டும். யார் வசனத்தை மறந்தார்கள் என்பதைக் காலடிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

வருஷத்துக்கு ஒரு நாடகம். நன்றாக அமைந்துவிட்டால் வெளிநாட்டுப் பள்ளிக்கூடம் ஏதாவது ஒன்று கூப்பிடும். பிள்ளைகளும் நாடக டீச்சரும் ஏரோப்ளேன் ஏறுவார்கள். அவள் தைத்த உடுப்புகளும் ஏறும். அவள் மட்டும் கேட்டில் நின்று கையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள். திரும்பி வரும்போது பிள்ளைகள் அவளுக்கு மறக்காமல் சாவி வளையம் வாங்கி வருவார்கள். கோபுரம் தொங்குகிற வளையம், கப்பல் தொங்குகிற வளையம், தொப்பி போட்ட கரடி தொங்குகிற வளையம். அலமாரி இழுப்பறை நிறைய வளையங்கள். வீட்டுக்கு இருப்பதோ ஒரே சாவி. அதையும் அவள் பழைய நாடாவில்தான் கோத்து வைத்திருந்தாள்.

இந்த வருஷம் போட்ட நாடகம் குளிருக்குப் பயந்த ஒரு ராஜாவைப் பற்றியது. யாராவது கெட்ட சேதி சொன்னால் ராஜாவுக்குக் குளிரெடுக்கும். உடனே உள்ளே போய் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு வருவார். கோட்டுமேல் கோட்டாக ஏறி, கடைசியில் மெத்தைக்குக் கால் முளைத்த மாதிரி நடப்பார். அப்போது ஒரு சின்னப் பெண் பின்னாலிருந்து ஒரு நூலைப் பிடித்து இழுப்பாள். அத்தனை கோட்டும் சரசரவென்று உதிர்ந்து, பனியனோடு ஒரு நோஞ்சான் பையன் நடுங்கிக்கொண்டு நிற்பான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும்.

அந்த உதிர்தல்தான் அவளுடைய வேலை. கோட்டில் பட்டன் கிடையாது, கொக்கி கிடையாது. பையன் திரைக்குப் பின்னால் வந்து நிற்க, அவள் முதுகுப் பக்கத்தைச் சங்கிலித் தையலில் மூடி, எல்லாக் கோட்டையும் ஒரே நூலில் பிடித்துவிடுவாள். அந்தத் தையலுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு நுனியை இழுத்தால் இன்னும் இறுகும், மறு நுனியை இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வரும். எது எந்த நுனி என்று அவள் யாருக்கும் காட்டியதில்லை. சரியான நுனியில் ஒரு மணியைக் கட்டி, அந்தப் பெண்ணின் கைக்கு எட்டுகிற மாதிரி தொங்கவிடுவாள், அவ்வளவுதான்.

"என்ன மந்திரம் போடுறீங்க டைலரம்மா?" என்று நாடக டீச்சர் கேட்டால் சிரித்து மழுப்புவாள்.

ஒருநாள் ஒத்திகையில் அவளுக்குத் தலைவலி வந்துவிட்டது. விளையாட்டு மாஸ்டர் நான் தைக்கிறேன் என்று ஊசியை எடுத்தார். மேடையில் அந்தப் பெண் இழுக்க இழுக்க ராஜாவுக்கு மூச்சு முட்டியது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் ராஜாவை வெளியே எடுத்தார்கள். அது நிஜத் தலைவலிதானா என்று யாராவது கேட்டிருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்ததும் நாடக டீச்சர் படிக்கட்டுக்கு அடியில் குனிந்து வந்து நின்றாள்.

"இந்தத் தடவை நீங்க இல்லாம முடியாது. ஏரோப்ளேன்ல உங்களுக்கும் ஒரு சீட்டு."

பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தபோது போட்டோக்காரர், "சிரிக்கக் கூடாதும்மா" என்று பல தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டில் கணவர் இருந்தார், கணவரின் அப்பா இருந்தார். கணவருக்கு லேத்துப் பட்டறையில் வேலை. மாமனார் அந்தக் காலத்து பஸ் கண்டக்டர். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும். எது வேண்டுமென்றாலும் நல்ல கையால் கட்டில் கம்பியில் கரண்டியைத் தட்டுவார். ஒரு தட்டு தண்ணீர், ரெண்டு தட்டு போதும், ரைட்!

அவருக்குக் கஞ்சி ஊட்டுவது ஒரு வித்தை. தாடையை லேசாகச் சாய்க்க வேண்டும், தொண்டையைக் கட்டைவிரலால் தடவ வேண்டும். ஆரம்பத்தில் கணவர் ஊட்டிப் பார்த்தார். அப்பாவுக்குப் புரையேறியது. "விடுங்க, உங்களால ஆகாது" என்று கரண்டியைப் பிடுங்கினாள். நாத்தனார் வந்து ஊட்டியபோது, "அப்படியில்ல" என்று வாங்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்த கஞ்சியில்கூடக் கட்டி இருந்தது. அதன் பிறகு அந்த வாய்க்கு வேறு கை போனதில்லை.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே நாத்தனார் பையும் பிள்ளையுமாக வந்து இறங்கினாள்.

"நீங்க நிம்மதியா போங்க அண்ணி. பெத்த அப்பாவுக்கு நான் ஊட்ட மாட்டேனா?"

"தாடைய..."

"தெரியும் அண்ணி. தாடைய சாய்க்கணும், தொண்டைய தடவணும். வந்ததுலேருந்து இதோட நாலு தடவை சொல்லிட்டீங்க. நீங்க அங்க போய் எனக்கு ஒரு சென்ட் பாட்டில் வாங்கிட்டு வாங்க, அது போதும்."

பழகட்டும் என்று அவள் அன்றைக்கே கரண்டியைக் கொடுத்துவிட்டு அடுக்களையில் நின்றுகொண்டாள்.

"அப்பா, ஆ காட்டுங்க. என் தங்க அப்பால்ல?"

வாய் திறக்கவில்லை. நாத்தனார் கொஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். தன் பிள்ளையை விட்டு, "தாத்தா, பஸ்ஸு வருது, வாயத் திறங்க" என்று சொல்லவைத்தாள். மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. தண்ணீர் மட்டும் கொஞ்சம் இறங்கியது. அதற்கடுத்த நாள் கண் குழி விழுந்துவிட்டது. பார்க்க வந்த நர்ஸ், "இப்படியே விட்டா மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாத்தனார் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அழுதாள். "அப்படி என்ன மந்திரம் போட்டு வச்சிருக்கீங்க அண்ணி?"

இந்தக் கேள்விக்கு மழுப்ப அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் உட்காரும் முன்பே அந்த வாய் திறந்தது. அவர் மடக் மடக்கென்று விழுங்கினார். நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, டிக்கெட் எடுக்காதவளைப் பார்ப்பது போல அவளையே பார்த்தார்.

கணவர் வாசல்படியில் நின்றார். "நீ போறதா இருந்தா போ. நான் ஒண்ணும் சொல்லல."

"நீங்க என்னைக்கு என்ன சொல்லியிருக்கீங்க?" என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், தான் பயணத்துக்கு வரவில்லை என்று அவள் சொன்னதும் நாடக டீச்சர் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அப்ப அந்தத் தையலையாவது எனக்குச் சொல்லிக் குடுங்க."

சொல்லிக் கொடுத்தாள். இரண்டு நுனியையும் ஒளிக்காமல் காட்டினாள். டீச்சர் மத்தியானம் முழுக்கத் தைத்தாள். கோட்டு ஒரு தடவை நடக்கும்போதே விழுந்தது, ஒரு தடவை விழவே மாட்டேன் என்றது. அந்தக் கை ஒரு மத்தியானத்தில் வருகிற கையில்லை. இத்தனை வருஷத்தில் யாருக்காவது காட்டியிருந்தால் இன்றைக்கு ஒரு கை தயாராக இருந்திருக்கும்.

வேறு வழியில்லாமல் கோட்டுகளை மடியில் போட்டுக்கொண்டு முதுகெல்லாம் பிரஸ் பட்டன் வைத்தாள்.

ராஜா வேஷக்காரன் போட்டுப் பார்க்க வந்தான். "ஊசியக்கா, அங்க போய் நான் கோட்டுக்குள்ளயே செத்துட்டா?"

"சாகமாட்டடா. இது யார் இழுத்தாலும் வரும்."

"அப்ப உங்களுக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?"

"சாவி வளையம் மட்டும் வேண்டாம்" என்றாள்.

பஸ் கிளம்பியபோது கேட்டில் நின்று கையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து, இரவல் வாங்கிய பெட்டியிலிருந்து புடவைகளை எடுத்து அடுக்கினாள். நாத்தனார் சென்ட் பாட்டிலைப் பற்றிப் பேசாமல் ஊருக்குப் போனாள்.

சில நாள் கழித்து நாடக டீச்சர் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். பெரிய மேடை, வெளிச்சத்தில் கண் கூசியது. அந்தப் பெண் இழுத்தாள். பட் பட் பட்டென்று பட்டன்கள் விட்டன. கோட்டுகள் சரசரவென்று உதிரவில்லை, பொத்தென்று விழுந்தன. அவ்வளவுதான் வித்தியாசம். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டலில் ஒரு குறையும் இல்லை. அதில் குறை இருக்கிறதா என்று அவள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

உள்ளே கட்டில் கம்பியில் கரண்டி தட்டுகிற சத்தம். போனை வைத்துவிட்டு எழுந்தாள். கஞ்சியை ஆற்றிக் கிண்ணத்தில் ஊற்றினாள். பட்டறையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த கணவர் கையில் கிண்ணத்தை வைத்தாள்.

"நீங்க ஊட்டுங்க."

"எனக்குத் தெரியாதே."

"தெரியாட்டி தெரிஞ்சுக்கோங்க. தாடைய சாய்க்கணும், தொண்டைய கட்டைவிரலால தடவணும். புரையேறினா தோள்ல சாய்ச்சுப் புடிங்க. நான் வரமாட்டேன்."

கதவுக்கு வெளியே, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். உள்ளே கணவரின் குரல் கெஞ்சியது. பிறகு ஒரு இருமல். அவள் பாதி எழுந்து, புடவை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். அதன்பின் கிண்ணத்தில் கரண்டி உரசுகிற சத்தம் வந்தது, நின்றது, திரும்பவும் வந்தது.

கணவர் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். கிண்ணம் காலி. பாதி அப்பா வயிற்றுக்குள், பாதி இவர் சட்டைமேல்.

"ஏதோ சாப்பிட்டாரு" என்றார், பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி.

அவள் தலையாட்டினாள். அடுத்த வருஷம் என்ன நாடகமோ என்று நினைத்துக்கொண்டாள். கணவர் சட்டையைக் கழற்றி, வழக்கம்போல அவள் பக்கமாக நீட்டினார். அவளும், வழக்கம்போல, கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.