ஓட்லைவின் நினைவுக் கூட்டம்

ஓட்லைவ் வீட்டில் எல்லாம் இரண்டு இருந்தன. இரண்டு கோப்பிக் கேத்தில், இரண்டு பனி அள்ளும் சவள், இரண்டு கைத்தொலைபேசி, இரண்டு சோடி பொய்ப்பல். ஒன்று கைவிட்டால் மற்றது. மனைவி மட்டும் ஒருவர்தான். அவரும் ஒரு பல் வைத்தியரோடு ட்ரொம்சோ நகரத்துக்குப் போய்விட்டார். "அதுக்கு மட்டும் நகல் எடுக்க மறந்திட்டான்" என்று துறைமுகத்தில் சொல்வார்கள். ஓட்லைவுக்கு முன்னாலேயே சொல்வார்கள். எங்கள் வடகரைப் பக்கத்தில் ஒருவரை முதுகுக்குப் பின்னால் கேலி செய்வதுதான் மரியாதைக் குறைவு.

என் அப்பா வேலை செய்த மீன் ஆலையில் ஓட்லைவ் பாரந்தூக்கி வண்டி ஓட்டியவர். முழங்கால் பழுதாகி ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் படகுப் பைத்தியம் பிடித்தது. படகு என்றால் உண்மையான படகு இல்லை. ஒஸ்லோவில் ஒரு நிறுவனம் வடகரை மீன்பிடிப் படகுகளை இணையத்தில் அட்டைகளாக விற்றது. அட்டையைத் தொட்டால் படகு அலையில் ஆடும், அதன் எஞ்சின் 'டொங்க், டொங்க்' என்று அடிக்கும். ஒரு படகுக்கு ஒரு அட்டைதான், ஒரு சொந்தக்காரர்தான். அதற்கு யாராலும் மாற்ற முடியாத அத்தாட்சி ஒன்றும் இணையத்தில் இருக்கும். ஓட்லைவ் ஓய்வூதியத்தில் மிஞ்சியதையெல்லாம் இதில் போட்டு ஒரு பெரிய படகுக் கூட்டத்துக்கே அதிபதியானார்.

ஒருநாள் 'ஹாவ்சூலா' என்ற படகின் அட்டையை வாங்கினார். அந்தப் படகு நாலு வீடு தள்ளியிருந்த ஹில்மாருடையது. ஹில்மார் கூட்டுறவுக் கடையில், பால் அலுமாரிக்கு முன்னால் வைத்து அவரைப் பிடித்தார்.

"என்ரை படகுக்கு நீயோ சொந்தக்காரன்?"

"படகுக்கு இல்லை. படத்துக்கு."

"படத்தை ஆரும் நகல் எடுக்கலாம். என்ரை மனிசிகூட எடுப்பாள். அதுக்குப் போய்க் காசு குடுத்தியே, நீ ஒரு குதிரை..."

அடுத்து அவர் சொன்ன சொல்லை எங்கள் மாகாணத்தில் பொலிஸ்காரருக்கே சொல்லலாம் என்பார்கள். நான் தமிழில் எழுதமாட்டேன்.

அதன்பின் இருவரும் பேசவில்லை. ஒருவர் பால் எடுத்தால் மற்றவர் உருளைக்கிழங்குப் பக்கம் நின்றுகொள்வார். அடுத்த வருடம் ஹாவ்சூலாவின் அடிப்பலகை உளுத்துப்போனது. அதை உடைத்து விறகாக்கினார்கள். அப்போதும் பேசவில்லை.

இந்தத் தை மாதம் ஓட்லைவ் நான் வேலை செய்யும் நூலகத்துக்கு வந்து, கைத்தொலைபேசிகள் இரண்டையும் என் மேசையில் வைத்தார். இரண்டிலும் ஒரே செய்தி. (இங்கே எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் அழைப்பார்கள். தமிழில் அவரை அப்படி அழைக்க எனக்குக் கை வரவில்லை.)

"பிள்ளை, மாசி கடைசி ஞாயிறோடை இவங்கள் கடையை மூடுறாங்களாம். என்ரை படகுகள் எங்கை போகும்?"

நான் தேடிப் பார்த்தேன். "அத்தாட்சி போகாது. ஆனா அதுக்குள்ள படம் இல்லை, படம் எங்கை இருக்கெண்ட விலாசம்தான் இருக்கு. இவையின்ரை கணினி நிண்டால் அந்த விலாசத்திலை ஒண்டும் இருக்காது."

"அப்ப என்னட்டை இருக்கிறது என்ன?"

"படகு உங்கடை எண்டு சொல்லுற அத்தாட்சி."

"படகு?"

"இருக்காது."

"இது எனக்குத் தெரிஞ்ச கதைதான். கலியாணப் பத்திரம் என்னட்டை, மனிசி ட்ரொம்சோவிலை."

அட்டைகளைக் கடைசி நாளுக்குள் ஒவ்வொன்றாக இறக்கி வைக்கலாம் என்றேன். அவர் முகம் தெளிந்தது. கணினிச் சேமிப்புத் தட்டு ஏற்கெனவே வாங்கிவிட்டாராம். இரண்டு.

"ரெண்டும் ஒரே வீட்டிலை இருந்தால் அது ஒண்டுதான். வீடு எரிஞ்சால் ரெண்டும் எரியும்" என்றேன்.

அவர் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். அறுபத்தெட்டு வயது மனிதர் தன் வாழ்க்கை முழுவதையும் திரும்ப எண்ணிப் பார்ப்பதை அப்போதுதான் பார்த்தேன். "அப்ப பொய்ப்பல்லும்?" என்றார்.

"அதுவும்தான்."

சில கிழமைகள் கழித்து ஒரு திட்டத்தோடு வந்தார். இங்கே பென் டிரைவுக்குப் பெயர் 'நினைவுப் பேனா'. ஒரு பெட்டி நிறைய நினைவுப் பேனா வாங்கி, எல்லாப் படகுகளையும் ஒவ்வொன்றிலும் ஏற்றி, ஊரில் வீட்டுக்கு ஒன்று கொடுப்பது. ஊர் முழுவதும் ஒரே நாளில் எரியாது. ஒரேயொரு சிக்கல்: ஓட்லைவ் வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கூப்பிட்டால் யார் வருவார்கள்?

"நான் ஒரு அறிவித்தல் எழுதியிருக்கிறன். நல்ல பகிடி ஒண்டு வைச்சிருக்கிறன். பார், எல்லாரும் வருவினம்."

பகிடியை எனக்குச் சொல்லவில்லை. கடை வாசலில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்து மூடி, படகுகளைக் கணினியில் இறக்க உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை வரை வெளியே தலை காட்டவில்லை. கார் பனியில் புதைந்து கிடந்தது.

சனிக்கிழமை மீனவர் மண்டபத்துக்குக் கோப்பி போட முன்கூட்டியே போனேன். நடையில் கறுப்புக் கோட்டுகள் நிரை நிரையாகத் தொங்கின. எனக்கும் முந்தியே உள்ளே ஊரே கறுப்பில் இருந்தது. கதவில் அந்த அறிவித்தலின் இன்னொரு பிரதி. கறுப்பு மையில் தடித்த எழுத்து, துப்புரவாக இருக்கட்டும் என்று சுற்றிவரக் கறுப்புக் கோடு:

*நினைவுக் கூட்டம். ஓட்லைவ் பெர்க். சனி பிற்பகல் இரண்டு மணி. மீனவர் மண்டபம். கோப்பி உண்டு. அனைவரும் வருக.*

செத்தவருக்கு ஊர் கூடிக் கோப்பி குடிக்கும் நிகழ்ச்சிக்கு இங்கே இதே பெயர்தான்.

குசினியில் ஹில்மாரின் மனைவி குன்வோர் இறால் சான்விச்சுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கட்டிப் பிடித்தார். "பாவம், நீதானே பிள்ளை கடைசியா அவனோடை கதைச்சது?"

"அவர்..." என்று தொடங்கினேன். எனக்கு வாய் எப்போதும் கொஞ்சம் மெதுவாகத்தான் திறக்கும்.

"தெரியும், அழாதை. தேவாலயம் இல்லை, பாதிரியார் இல்லை, நேரே கோப்பி. அவன்ரை குணம் அப்பிடி." தட்டைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் போய்விட்டார்.

அந்த நேரம் பின்கதவு திறந்தது. தொப்பியில் பனியோடு, முதுகில் பையோடு ஓட்லைவ். "காரைத் தோண்டி எடுக்கச் சுணங்கிட்டுது. ஆராவது வந்தினமோ?"

நான் மண்டபத்துப் பக்கம் கையைக் காட்டினேன். கதவிடுக்கால் எட்டிப் பார்த்தார். உள்ளே ஹில்மார் எழும்பி, கரண்டியால் கோப்பையைத் தட்டினார்.

"நான் பேச்சாளன் இல்லை. ஓட்லைவ் ஒரு பைத்தியம். அது எல்லாருக்கும் தெரியும்." சிலர் தலையாட்டினார்கள். "ஆனா ஆரின்ரையாவது கார் பனியிலை புதைஞ்சால், ரெண்டு சவளோடை வந்து நிக்கிறதும் இந்தப் பைத்தியம்தான். ஒண்டு தனக்கு, மற்றது எனக்கு."

ஓட்லைவ் என் கையைப் பிடித்தார். 'ஸ்ஸ்' என்றார்.

"ஹாவ்சூலாவை உடைச்ச அண்டைக்கு நான் பாக்கப் போகேல்லை. அவளின்ரை எஞ்சின் சத்தம் இவனிட்டை இருந்தது. ஒருக்காப் போடு, கேப்பம் எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை. இப்ப அவனும் போயிட்டான். சத்தமும் போயிட்டுது."

ஓட்லைவ் பையிலிருந்து கணினியை எடுத்துப் பாண் வெட்டும் பலகையில் வைத்து எதையோ தட்டினார்.

டொங்க். டொங்க். டொங்க்.

மண்டபத்தில் ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. ஓட்லைவுக்கு அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. கோப்பிப் போத்தல்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"கோப்பி ஆருக்கு?"

ஹில்மார்தான் முதலில் வாய் திறந்தார். "நீ சாகேல்லையோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப நான் சொன்ன எல்லாத்தையும் திருப்பி எடுக்கிறன்."

ஓட்லைவ் நினைவுப் பேனா, நினைவுக் கூட்டம் என்று தன் பகிடியை விளக்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை. கிர்க்கெனெஸிலிருந்து பேருந்தில் வந்திருந்த அவரது மச்சாள் மடியில் ஒரு மலர்வளையம் இருந்தது. அதன் நாடாவில் 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று பொன்னெழுத்து. "இதைக் கடையிலை திருப்பி எடுக்கமாட்டாங்கள்" என்றார் அவர். குன்வோருக்குத்தான் கோபம் அடங்கவில்லை. "விடியக் காலமை எழும்பி இவ்வளவு இறால் உரிச்சனான், உயிரோடை இருக்கிறவனுக்கோ!"

இரண்டு மூன்று பேர் கோட்டை எடுக்க நடைக்குப் போனார்கள். ஓட்லைவ் பேனாப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த நாளோடு நிறுவனம் மூடுகிறது. அந்தப் பெட்டி அப்படியே வீட்டுக்குத் திரும்பினால் எல்லாம் மறுபடி ஒரே கூரையின் கீழ்தான்.

"அதை இன்னொருக்காப் போடு" என்றார் ஹில்மார்.

போட்டார். ஹில்மார் தலையைச் சரித்துக் கேட்டார். "மூண்டாவது அடி கொஞ்சம் பிந்துது. திருத்த வேணுமெண்டு நினைச்சிருந்தனான்." பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பேனாவை எடுத்தார். "சிநேகிதத்துக்கு எடுக்கேல்லை. படகு என்ரை."

அதற்குப் பிறகு கோட்டு எடுக்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒருவர் மாமனாரின் படகைக் கேட்டார். இன்னொருவர் அது அந்தப் படகின் சத்தமே இல்லை என்று சண்டை பிடித்தார். இறால் முடிந்தது, பெட்டியும் காலியானது. ஓட்லைவ் தனக்கென்று ஒரு பேனாகூட வைத்துக்கொள்ளவில்லை. அவரிடம்தான் சேமிப்புத் தட்டு இரண்டு இருந்ததே.

வாசற்படியில் பனி இறுகிக் கண்ணாடி போலக் கிடந்தது. மலர்வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் கை காட்டியபடி இறங்கினார். இரண்டு காலும் ஒன்றாகவே வழுக்கின. மல்லாக்க விழுந்தவரை முதுகுப் பை தாங்கியது. "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று எழுந்து போனார். பையைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அவர் நூலகத்துக்கு வந்தபோது முகம் மீன் வயிறு போல வெளுத்திருந்தது. நிறுவனத்தின் இணையப் பக்கம் வெறுமையாக இருந்தது. பையில் கணினி உடைந்து கிடந்தது. தட்டுகள் இரண்டும் உடைந்திருந்தன.

"ரெண்டையுமோ மண்டபத்துக்குக் கொண்டு வந்தீங்கள்?"

"ஒண்டு வேலை செய்யாட்டில் மற்றது எண்டு" என்றார்.

ஹில்மார் வீட்டுக்குத் தனியே போக வெட்கப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நூலகக் கணினியையும் புதிய பேனாக்கள் இரண்டையும் நான் எடுத்துக்கொண்டேன். கதவைத் திறந்த ஹில்மார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன, இந்தமுறை உண்மையாச் செத்திட்டியோ?"

"தட்டு உடைஞ்சு போச்சு."

"மற்றது?"

"அதுவும். ஒரே பையிலை இருந்தது."

ஹில்மார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் குன்வோர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஏலக்காய் டின்னைத் திறந்து பேனாவை எடுத்துத் துடைத்துத் தந்தார். படகுகள் புதிய பேனாக்களில் ஒவ்வொன்றாக ஏறும்வரை நாங்கள் வேஃபிளும் பழுப்புச் சீஸும் சாப்பிட்டோம். கடைசியில் ஹில்மார் சொன்னார்:

"படத்தை ஆரும் நகல் எடுக்கலாம் எண்டு நான் அப்பவே சொன்னனான்."

"சொன்னாய்."

"கேட்டியோ?"

"இல்லை."

ஓட்லைவ் பேனாக்கள் இரண்டையும் மேற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பொறு" என்றார் ஹில்மார். அந்தப் பைக்குள் கை விட்டு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதை நீ கொண்டு போ பிள்ளை. இவனோடை சேந்து நடவாதை."

அப்படியே செய்தோம். அவர் தெருவின் இடது ஓரமாகப் போனார், நான் வலது ஓரமாகப் போனேன்.