பித்தளை ஒட்டுப்போட்ட பம்பு

தெல்தோட்டைப் பக்கம், தேயிலையைப் பிடுங்கிப் போட்ட சரிவில் கோவா, லீக்ஸ் என்று மரக்கறி நட்டுப் பிழைத்தவர்களில் வீரையாவிடம் மட்டும்தான் டிரக்டர் இருந்தது. ஜப்பானில் செய்த சின்ன வண்டி. கண்டியில் யாரோ ஓட்டிக் கழித்ததை வாங்கி வந்திருந்தான். அவன் வாதத்தில் விழுந்த பிறகு மனைவி அங்கம்மா ஸ்டீரிங்கைப் பிடித்தாள். பொம்பளை ஓட்டுகிறாள் என்று சிரித்தவர்கள், நடவுக் காலம் வந்ததும் அவள் வாசலில்தான் நின்றார்கள்.

வீரையாவின் தம்பி அழகையாவுக்கு இது பொறுக்கவில்லை. மெக்கானிக் வேலை தெரிந்தவன். அண்ணன் படுத்தால் வண்டி தன் கைக்கு வரும் என்று நினைத்திருந்தான்.

ஒருநாள் டிரக்டர் இருமி நின்றது. அழகையா வந்து பார்த்தான். டீசல் பம்பைக் கழற்றி, கண்டியில் சரிபண்ணி வருவதாகக் கொண்டு போனான். வெறுங்கையோடு திரும்பினான்.

"பம்பு செத்துப்போச்சு மதினி. இந்த மொடலுக்கு இப்ப சாமான் வாறதில்ல. இரும்பு வெலைக்கு வண்டிய எனக்கே குடுத்துருங்க."

"செத்ததையாவது கொண்டாந்திருக்கலாமே?"

"அத எதுக்குச் சுமக்கணும்? வீசிட்டேன்."

அங்கம்மா கண்டிக்குப் போனாள். கடை கடையாக ஏறி இறங்கினாள். ஆம்பளை யாரும் கூட வரவில்லையா என்று அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவர்களே அதிகம். கடைசியில், பழைய சாமான் விற்கும் முஹைதீன் ஒரு பம்பை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தார். அவள் அதைப் புரட்டினாள். எஞ்சினோடு முடுக்கும் காது உடைந்து, பித்தளையால் ஒட்டியிருந்தது. அது வீரையா நாவலப்பிட்டி கராஜில் போட்ட ஒட்டு. அன்றைக்கு முழுதும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல சாமான் தங்கச்சி. ஒரு அடைப்பு இருந்த, எடுத்துட்டேன்."

"யாரு கொண்டாந்தது?"

"ஒங்கட பக்கத்து ஆள்தான். கன்னத்துல தழும்பு ஒண்டு இரிக்கி. ஏன், தெரிஞ்ச ஆளா?"

"எங்க வீட்டு ஆளுதான்."

விதைக்கு வைத்திருந்த காசைக் கொடுத்துத் தன் பம்பைத் தானே வாங்கினாள்.

டவுனிலிருந்து வேறொரு ஆளைக் கூட்டிவந்து சத்தமில்லாமல் பூட்டியிருக்கலாம். அவளுக்கு மனம் கேட்கவில்லை. நேரே ஊரார் தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்குப் போனாள். அழகையாவின் மனைவி பாப்பம்மா துவைத்துக்கொண்டிருந்த கல்லின் மேல் பம்பை வைத்தாள்.

"ஒம் புருசன் வீசிட்டேன்னு சொன்ன சாமான் கண்டிக் கடையில கெடந்துச்சு. களவாணிய வரச்சொல்லு. அவன் கையாலயே பூட்டட்டும்."

தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பாப்பம்மாவுக்கு எதுவும் தெரியாது என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. அது தெரிந்தும், அந்தச் சிரிப்பு அங்கம்மாவுக்கு இனித்தது.

மறுநாள் அழகையா ஸ்பேனர் சாவிகளோடு வந்தான். தலை நிமிரவில்லை. துணி வேண்டும் என்று அங்கம்மாவை உள்ளே அனுப்பினான். அவள் வருவதற்குள் பம்பு முடுக்கியாகிவிட்டது. அந்தப் பம்பில் ஒரு சின்ன ஊசி உண்டு. எஞ்சினுக்குள் இருக்கும் கவட்டையில் அது உட்கார வேண்டும். உட்காராவிட்டால் எஞ்சினை அடக்க முடியாது. வீரையா சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"ஊசி கவட்டையில உக்காந்துருச்சா?"

"எனக்கே சொல்லித் தாறீங்களா மதினி? ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க."

அவள் ஏறிச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்த வேகத்தில் அலறத் தொடங்கியது. நிறுத்தும் கம்பியை இழுத்தாள், அடங்கவில்லை. அலறல் ஏறிக்கொண்டே போனது. திரும்பிப் பார்த்தாள். அழகையா எப்போதோ விலகிப்போய், தூரத்துக் கொய்யா மரத்தடியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அவளுக்கு விளங்கிவிட்டது. குதிக்கப் பார்த்தபோது எஞ்சின் வெடித்துப் பிளந்தது. கொதிக்கும் எண்ணெய் அவள் காலை முழங்கால்வரை அவித்தது.

உள்ளே படுத்திருந்த வீரையா கத்தினான். என்ன கத்தினான் என்று யாருக்கும் புரியவில்லை.

"இந்த மொடலே இப்படித்தான். நான்தான் அப்பவே குடுத்துருங்கன்னு சொன்னேனே" என்றான் அழகையா, கூடியவர்களிடம். பாப்பம்மா மட்டும் ஓடிவந்து காலில் தண்ணீர் ஊற்றினாள். அங்கம்மா அவளைப் பிடித்துத் தள்ளினாள்.

புண் ஆறுமுன்பே அழகையா வந்தான். "சில்லு டயரையாவது குடுங்க மதினி, மழைல வீணாப் போகுது."

"ஒனக்கு ஒரு நட்டுகூடக் கெடையாது."

காலை இழுத்து நடக்கப் பழகியதும், அவளே ஸ்பேனர் எடுத்து வண்டியைக் கழற்றினாள். ஒவ்வொரு சாமானாகச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் கண்டிக்குக் கொண்டுபோய் முஹைதீனிடம் விற்றாள். போகும்போது வேண்டுமென்றே அழகையாவின் வாசல் வழியாகப் போனாள். ஊரில் உழவு பழையபடி மண்வெட்டிக்குத் திரும்பியது. அவளும் தேயிலைத் தோட்டத்தில் அன்றாடக் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போனாள்.

கண்டியிலிருந்து வரும் நாளெல்லாம் வீரையா கோணிய வாயால் கேட்பான்: "இன்னைக்கு என்னா?"

"கியர்ச் சக்கரம்."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். அவள் மறைத்துச் சொன்னதே இல்லை.